குருவிக்குத் தண்ணீர் வைக்கும் முன்



கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டது. "பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள்" என்ற பதிவுகளும் வழமைபோல வரத் தொடங்கிவிட்டன. நல்ல விடயம். பறவைகளுக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கின்றன. இந்த வெயிலுக்கு அவற்றுக்குத் தண்ணீர்தான் முதல் தேவை. நாம் நட்ட மரத்தில் ஒரு பறவை தின்றாலும் அது நமக்கு ஸதகா என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் எங்கே வைப்பது, எதில் வைப்பது, யார் கழுவுவது என்று அந்தப் பதிவுகளில் ஒருவரும் எழுதுவதில்லை.

கடந்த மாரியில் எங்கள் குறுக்கு வீதியில் மட்டும் மூன்று பிள்ளைகளுக்கு டெங்கு. அதில் ஒருத்தி என் வகுப்பு மாணவி. ஐந்து நாள் வார்டில் இருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்துவிட்டாள். அந்தக் கிழமை பீ.எச்.ஐ. வீடு வீடாக வந்தபோது, பக்கத்து வளவு மூத்தம்மா மாமரத்தில் குருவிக்கென்று தொங்கவிட்டிருந்த மண்சட்டியில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. சட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். மூத்தம்மாவுக்குத் தாங்கவில்லை. "குருவிக்கி வெச்ச தண்ணியிலயா மனே நொளம்பு வரப்போகுது? தெனமும் ஊத்துறன்தானே" என்று என்னிடம் கேட்டார்.

அவர் தினமும் ஊற்றியது உண்மை. பழைய தண்ணீரைக் கொட்டாமல் அதற்கு மேலேயே ஊற்றி வந்திருக்கிறார். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் தொட்டால் பொரிக்கும். நமது சூட்டுக்கு ஒரு கிழமை, பத்து நாளில் நுளம்பாகிப் பறந்துவிடும். ஆகவே ஊற்றினால் போதாது, தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. தேய்க்க வேண்டும். நாளுக்கொரு முறை தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை தும்பால் உட்சுவரை அழுத்தித் தேயுங்கள். பழைய தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள், கானுக்குள் அல்ல.

அதற்குப் பிறகு சிலர், குருவிச் சட்டிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கண்ணுக்கு முன்னால் தொங்கும் சட்டியைத் தினமும் பார்க்கிறோம். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் சிரட்டையையும் யோகட் கப்பையும் பிரிட்ஜின் பின்தட்டையும் யார் பார்க்கிறார்கள்? இரண்டு நாள் ஊருக்குப் போவதென்றால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனால் சரி.

சட்டி தட்டையான மண்சட்டியாக இருக்கட்டும். இரண்டு அங்குல ஆழம் தாராளம். பிளாஸ்டிக் பேசினில் கால் வழுக்கும். வேறு இல்லையென்றால் நடுவில் ஒரு கல்லை வையுங்கள். நிழலில் வையுங்கள். பூனை விடயத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. நம் ஊரில் பூனையை யாரும் விரட்ட மாட்டோம், விரட்டவும் வேண்டாம். பற்றைக்கும் பூச்சாடி வரிசைக்கும் பத்தடியாவது தள்ளி, ஓடி ஏறக்கூடிய மதிலுக்கு எட்டாமல் வைத்தால் போதும். ஆனால் பயந்தால் பறந்துபோய் உட்கார ஒரு கொப்பு கிட்ட இருக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. புதிய வீடுகளின் பெரிய கண்ணாடி யன்னல்களில் மரமும் வானமும் அப்படியே தெரிகின்றன. குருவி அதை வெளி என்று நினைத்து மோதுகிறது. தீனித் தட்டு கண்ணாடிக்கு மூன்று அடிக்குள் இருந்தால் வேகம் எடுக்குமுன் நின்றுவிடும். இல்லையென்றால் முப்பது அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். பத்து பேர்ச் வளவில் முப்பது அடிக்கு எங்கே போவது? கிட்டவே வையுங்கள். வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக வெள்ளைப் பட்டி ஒட்டினால் இன்னும் நல்லது.

ஒன்லைனில் விற்கும் கலர்க் குழாய்த் தீனிப்பெட்டிக்குக் காசைக் கொட்டாதீர்கள். அது தொங்கிக்கொண்டு விதை கொறிக்கும் வேறு நாட்டுக் குருவிகளுக்குச் செய்தது. நம் வளவுக்கு வரும் புலுனிகள் கூட்டமாக நிலத்தில் சருகைக் கிளறித் தின்பவை. கொண்டைக்குருவிக்கு அரைப் பப்பாசியை ஆணியில் குத்தி வைத்தால் போதும். தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர் வேண்டாம், செவ்வரத்தை இருந்தால் தானாக வரும். நெல்லுக்குருவிக்கு வெட்டுக் காலத்தில் ஒரு பிடி கதிரை எடுத்துத் தாழ்வாரத்தில் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் பாடசாலையில் செய்யும் போத்தல் தீனிப்பெட்டி பரவாயில்லை. அடியில் நாலு துளை போடாவிட்டால் மழை நீர் தேங்கி அரிசியில் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் தின்னும் குருவிக்கு நோய் வரும். நோன்புக் கஞ்சி மிச்சம், உப்புச் சோறு, பழைய பாண் எதுவும் வேண்டாம். அவை காகத்தைத்தான் கூப்பிடும். வந்த காகம் கொண்டைக்குருவியின் கூட்டையும் கண்டுபிடித்துவிடும்.

சுபஹுக்குப் பிறகு கொஞ்சமாகப் போடுங்கள். மஃரிபுக்கு ஒரு மணியும் நிலத்தில் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் பாம்பும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் வீதியில் வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதிக்காத வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் புலுனிக்குக் கிளற ஒரு பிடி சருகு இல்லை. இனிப் பதிக்கப் போகிறவர்கள் ஒரு மூலையை மண்ணாகவே விட்டு, அதில் ஒரு கொய்யாவையோ ஜேம் மரத்தையோ நட்டுவிடுங்கள். என்னிடம் நான்கு கொய்யாக் கன்றுகள் இருக்கின்றன. வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.