இரண்டாவது விசைப்பலகை

பிழைப்பின் பொருட்டு எல்லை கடந்து வந்தோர் இல்லங்களில் மொழிகளும் பங்கு போட்டுக்கொண்டு குடியிருக்கின்றன. அலுவலகத்திற்கு ஒன்று, கடைத்தெருவிற்கு ஒன்று, அடுக்களைக்கு ஒன்று. அடுக்களையில் வழங்குவதே நம் தாய்மொழி. நாவளவில் அது நலமாகவே இருக்கிறது. கையளவில் எப்படி இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்லூரியிற் சேர்ந்த மகளுக்கென நாம் வாங்கிய மடிக்கணினி அவ்வாறு எண்ணிப் பார்க்க வைத்தது.

நாம் வாழும் இம்மண்ணின் வரலாற்றையும் சிறிது நினைவுகூர வேண்டும். சித்தூர் ஒருகாலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. 1911இல் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குத் திரும்பிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே, நம்மில் சிலர் எல்லையைக் கடந்து வந்தவர். சிலரையோ எல்லையே கடந்து சென்றது! இரு சாரார் பிள்ளைகளின் நிலையும் இன்று ஏறத்தாழ ஒன்றே. நம் மகள் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் பள்ளியிற் பயின்றாள். தமிழைத் தடையின்றிப் பேசுவாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எழுதச் சொன்னால் தயங்குவாள்.

நம் விரல்களின் கதையும் அதுவே. மத்திய அரசின் எழுத்தர் பணிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்திற்கு 35 சொற்கள், அல்லது இந்தியில் 30 சொற்கள் தட்டச்சு செய்து காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் தேறி, இருபது ஆண்டுகளாக அவ்விரல்களாலேயே உண்டு வருகிறோம். ஆயினும், அலுவலகக் கணினியில் தமிழில் ஒரு வரியேனும் அடிக்கும் தேவை நமக்கு நேர்ந்ததில்லை.

திருப்பதியில் வாங்கிய மடிக்கணினியைச் சித்தூர் வீட்டுக் கூடத்தில் வைத்துத் திறந்தோம். விலைச்சீட்டில் உள்ள எண்ணும் கருவியின் அடியில் உள்ள எண்ணும் ஒத்திருக்கின்றனவா என்று, கோப்புப் பார்த்துப் பழகிய கண்களால் முதலில் சரிபார்த்தோம். பின்னர் மின்னிணைப்புக் கொடுத்து விசையை அழுத்தினோம். திரை ஒளிர்ந்தது. எந்த நாடு என்று கேட்டது, இந்தியா என்றோம். எந்த விசைப்பலகை என்று கேட்டது, ஆங்கிலம் என்றோம். அடுத்து, இரண்டாவதாக ஒரு விசைப்பலகை வேண்டுமா என்று வினவியது. வேண்டாமென்றால் கடந்து செல்வதற்கும் பக்கத்திலேயே வழி வைத்திருந்தது.

கடந்து செல்லவே மகளின் விரல் முனைந்தது. "பொறும்மா, தமிழ் இருக்கிறதா பார்" என்றோம்.

"நாம வீட்டில பேசறதெல்லாம் இதில எழுத வருமாப்பா?" என்று கேட்டாள்.

அவள் விளையாட்டாகவே கேட்டாள். எனினும் அவ்வினா நம் நெஞ்சைத் தொட்டது. வீட்டில் பேசுவது எழுத்தில் ஏறக்கூடிய மொழி என்பதே அவளுக்கு ஐயமாக இருந்தது.

பட்டியலில் தமிழ் இருந்தது. ஒன்றன்று; இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாடுகளின் பெயரால் நான்காக இருந்தது. அது அங்கு வந்து சேர்ந்த வழியை மகளுக்குச் சொன்னோம். தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசையமைப்பு வகுத்தவர் யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா. 1980களில் கணினிக்கு முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன். 1990களில் இணையத்தில் தமிழை ஏற்ற உழைத்தவர் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி. மூவரும் தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்ந்து இதனைச் செய்தவர்கள் என்பது நம்போன்றோர் கருதத்தக்கது.

முன்பு ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றில் புரியாத குறிகளாய்த் தோன்றும். ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் உலகெங்கும் ஒரே எண் என வகுத்த யூனிகோடு அக்குறையைப் போக்கியது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, தமிழ் 99 என்னும் விசையமைப்பைத் தமிழ்நாடு அரசு ஏற்றது.

அவ்வமைப்பையே தேர்ந்தோம். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் புறமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் புறமும் அமைந்துள்ளன. 216 உயிர்மெய்களுக்குத் தனி விசை தேட வேண்டுவதில்லை. மெய்யை அடித்து உயிரை அடித்தால் இரண்டும் கூடிக்கொள்ளும். நம் இலக்கணம் சொல்லும் புணர்ப்பு அங்கே விரல் நுனியில் நிகழ்கிறது. விசைகளின் மேல் ஆங்கில எழுத்துகளே அச்சாகியிருந்தமையால், தமிழ் எழுத்துகளை ஒரு தாளில் வரைந்து அருகில் வைத்தோம். ப, ஆ, ட, ட, இ என ஐந்து விசைகளை அழுத்தினாள். 'பாட்டி' என்று திரையில் எழுந்தது. "புள்ளி நான் வைக்கலையேப்பா!" என்று வியந்தாள். ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே அமையும் என்பது அவ்வமைப்பின் விதி.

குடியாத்தத்தில் இருக்கும் நம் அன்னையாருக்குக் கண்ணொளி குறைந்து சிறிய எழுத்துகள் தெரிவதில்லை. நான்கு வரிகளை முக்கால் மணி நேரம் அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, அச்சிட்டு அனுப்பினாள் பேத்தி. பத்து நாளில் அஞ்சலட்டை ஒன்று வந்தது. கோணல் மாணலான அக்கையெழுத்தைத் தானே படித்தாள். இரண்டு இடங்களில் மட்டும் நம்மைக் கேட்டாள்.

பின்னர் தெலுங்கு விசைப்பலகையையும் சேர்த்துக்கொண்டோம். நமக்குச் சோறிடும் மண்ணின் மொழிக்கு அம்மதிப்பு உரியதே. விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஒன்று வர மற்றொன்றை விலக்க வேண்டிய தேவை பொறிக்கு இல்லை, வீட்டிற்கும் இல்லை.

அன்பர்களே, தமிழைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கும் அரிய பணியைப் பிறர் செய்து முடித்துவிட்டனர். அதனை அழைக்கும் எளிய பணியே நமக்கு எஞ்சியது. நாம் அழைக்காதவரை அது உள்ளேயே உறங்கும். பிள்ளைகளுக்குப் புதுக்கணினி வாங்குவோர் அம்முதல் நாளில் உடனமர்ந்து, இரண்டாவது விசைப்பலகை வேண்டுமா என்று அது கேட்கும்போது, வேண்டும் என்று சொல்வார்களாக. தவறவிட்டிருந்தாலும் அமைப்புப் பகுதியில் மொழி என்னும் இடத்தில் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தபின், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவருக்கு நான்கு வரி எழுதச் செய்வார்களாக.