ஒரு பைட் குறைவு

திருச்சியில் ஒரு கல்லூரியில் சி மொழி எடுத்த காலம். லேப் பரீட்சையில் ஒரு பையன் ஸ்ரீரங்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் சேமிக்க மல்லாக்கில் 9 பைட் கேட்டிருந்தான். எழுத்து ஒன்பதுதான், ஆனால் முடிவில் நிற்கும் நல் குறிக்கும் சேர்த்து 10 வேண்டும்.

“ரன் ஆகுது சார்” என்றான். முழு மார்க் போட்டேன்.

64 பிட் லினக்ஸில் 9 கேட்டால் பொதுவாக 24 பைட் கிடைக்கும். தப்பு மறைந்துகொண்டது. வேலையில் 24 எழுத்துப் பெயர் ஒன்று வந்தபோது அந்த நல் அடுத்த பிளாக்கின் கணக்கைக் கெடுத்தது. புரோகிராம் வேறெங்கோ ஃப்ரீ செய்யும்போது விழுந்ததாம்; இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

போன வாரம் அம்மா மண்டபத்தில் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அன்னைக்கே மார்க்கைக் குறைச்சிருக்கணும்பா” என்றேன்.

சி படிக்கும் பிள்ளைகளே, ஒன்று கூட்டிக் கேளுங்கள். ரன் ஆனாலும் ஒருமுறை வால்கிரைண்டில் ஓட்டிப் பாருங்கள்.