எவ்வளவு?

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் 6 மணிக்கு 144 என்று அறிவித்திருந்ததால் மதுரையே காய்கறிக் கடைகளில் நின்றுகொண்டிருந்தது. நான் என் நண்பனை ஆட்டோவில் சாய்த்து உட்காரவைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அரப்பாளையத்தில் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வயிற்றில் 11 நாள் தையல். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “பொறுத்துக்கங்கண்ணே” என்றார். வார்டைக் காலிசெய்துகொண்டிருந்தார்கள். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே டிஸ்சார்ஜ்.

ஒன்பது வருஷமாக அவனுக்குப் பெருங்குடல் புண். ரத்தம் போகும், மோசமான நாட்களில் 15 தடவை எழுந்து ஓடுவான். ஸ்டீராய்டு தின்று முகம் உப்பியிருந்தது. கடைசியில் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வலப்பக்க அடிவயிற்றில் துளையிட்டு வெளியே இழுத்துத் தைத்தார்கள். ஸ்டோமா என்பார்கள். அதன்மேல் ஒட்டுவது பை.

அவன் அக்கா சென்னையில், வர வழியில்லை. வீட்டில் எழுபது தாண்டிய அம்மா, இரண்டு கண்ணிலும் புரை. நான் வேலை பார்த்த ஆஃப்செட் அச்சகம் மூடிக்கிடந்தது. வேறு ஆளில்லாததால் நான் போனேன், அவ்வளவுதான்.

முதல்முறை பையைக் கழற்றிய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. வெறும் வயிற்றில்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் கசிவு குறைவு என்று சிஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்தரைக்குப் போய்விட்டேன். பையைத் தோலோடு ஒட்டவைக்கும் பிளேட்டை உரித்ததும், உதட்டை மடித்தால் தெரியுமே, அந்தச் சிவப்பில் ஈரமாக ஒரு மொட்டு. மெல்ல அசைந்தது. நாற்றத்தைவிட அந்த அசைவுதான் என்னைப் பின்வாங்க வைத்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வலிக்குதாடா?” என்றேன். “தொட்டுட்டியா?” என்றான். தொட்டுத் துடைத்து முடித்திருந்தேன். அந்தச் சதைக்கு வலி தெரியாதாம். சுற்றியிருக்கும் தோலுக்குத்தான் எல்லா எரிச்சலும்.

பிளேட்டின் நடுவில் ஸ்டோமாவின் அளவுக்குத் துளை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் கழிவு தோலைப் புண்ணாக்கிவிடும், சிறிதானால் குடலை அறுக்கும். ஸ்டிக்கர் வெட்டிப் பழகிய கை என்பதால் அதில் எனக்குச் சிரமமில்லை. என்னைக் கவிழ்த்தது தண்ணீர்.

ஏப்ரல் வெயில். அவன் நாக்கு வறண்டு கிடந்தது. பக்கத்து வீட்டில் நிறையத் தண்ணீர் குடுங்க என்றார்கள், நானும் சொம்பு சொம்பாகக் கொடுத்தேன், இளநீர் கிடைத்த அன்று அதையும். கொடுக்கக் கொடுக்கப் பை நிறைந்தது. இரண்டாம் நாள் ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறினான். டாக்டரைப் போனில் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு போகுது?”

நிறைய சார் என்றேன்.

“நிறையன்னா எத்தனை மில்லி?”

பிறகு விளக்கினார். பெருங்குடல் இருந்தவரை உப்பையும் நீரையும் அது உறிஞ்சி வைத்துக்கொண்டது. இப்போது வெறும் தண்ணீர் உள்ளே போனால், உடம்பிலிருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வெறும் தண்ணீரைக் குறைத்து ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, மோர் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் லோபராமைடு. ஒரு நாளைக்கு 1500 மில்லியைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்து நண்பனை வற்றவைத்திருக்கிறேன்!

அளவுக்குவளை வாங்கக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. ஆவின் அரை லிட்டர் பாக்கெட்டைப் பழைய பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றி, பால் நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போட்டேன். அதை நாலாகப் பிரித்து நடுக்கோடுகள். நாற்பது பக்க நோட்டில் உள்ளே, வெளியே என்று இரண்டு பத்தி. முதல் நாள் ‘வெளியே’: 1900. அம்மா நோட்டைத் தடவிப்பார்த்து, “வட்டிக் கணக்காய்யா?” என்றார்.

அதுவரை தினமும் நான் “எப்படி இருக்கே?” என்றுதான் உள்ளே நுழைவேன். அவன் பதில் சொல்லமாட்டான். நோட்டு வந்த பிறகு “எவ்வளவு?” என்று கேட்டேன். அதற்குப் பதில் இருந்தது. 1400. 1100. ஜவ்வரிசிக் கஞ்சியும் வாழைப்பழமும் கொடுத்த வாரம் 850.

ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கில் கையில் இரண்டே பிளேட். மருந்துக்கடையில் சரக்கு வரவில்லை. ஒன்றை ஆறு நாள் ஓட்டினோம். ஓரத்தில் கசிந்து தோல் தக்காளியாகிவிட்டது. சிம்மக்கல்லில் மடக்கிய போலீஸ்காரரிடம் சீட்டை நீட்டி, “வயித்துல பை மாத்தணும் சார்” என்றேன். அவர் சீட்டைத் தொடாமலே போகச் சொன்னார். ‘பை’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி.

மே 4 மீனாட்சி கல்யாணத்தை அம்மாவுக்கு என் செல்போனில் காட்டினோம். அவருக்குப் படம் தெரியாது, மந்திரம் கேட்டது, தாலிக்கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. இறங்கியிருக்க வேண்டிய காலையில் அம்மா வழக்கம்போல் பானகம் கரைத்தார். அவன் வாயருகே கொண்டுபோய், “உப்புப் போட்டியாம்மா?” என்றான். சாமிக்குக் கரைத்ததில் உப்பா என்று அம்மா கோபப்பட்டார். இரண்டு மடக்கோடு நிறுத்திக்கொண்டான்.

மறுவாரம் நான் போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

“நானே வெட்டிட்டேன் மாப்ள, வெளிய இரு.”

கோணலாக வெட்டியிருப்பானோ என்று கை பரபரத்தது. அவன் தேறியதில் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. திண்ணையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்.

“எவ்வளவுடா?” என்று கத்தினேன்.

“அறுநூறு!”

எழுதினேன்.