பிரேக் வயர் எங்கே?



குருநகர்ப் பக்கம் ஒரு கராஜில் எங்கட பழைய மாணவர்கள் மூன்று பேர் ஒரு பழைய டொயோட்டா ஒட்டோ காருக்கு ‘லொக்-அப்’ சுவிட்ச் பூட்டுகிறார்கள். ரேசுக்காம். விஷயம் தெரிந்த வாப்பாமார் சிலர் எங்களுக்குப் போன் எடுத்து, "சேர், நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள், கூப்பிட்டுக் கண்டியுங்கோ" என்றார்கள். போனோம். கண்டிக்க முதல் வயரிங்கைப் பார்த்தோம். விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கு வேறு என்னத்தில் கண் போகும்?

ஒட்டோ காரில் கிளச் பெடல் இல்லை. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய டோர்க் கன்வேட்டர் இருக்கும். இஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றி அடிக்க, அந்த எண்ணெய் மறுபக்கத்து விசிறியைச் சுழற்றும். புறப்படும்போது முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கும். ஆனால் வேகம் பிடித்த பிறகும் கொஞ்சம் வழுக்கும். போட் ஓட்டுகிற குருநகர்ச் சகோதரர்களுக்கு இது புதிதில்லை. புரொப்பெல்லர் சுற்றுகிற அளவுக்குப் போட் ஒருநாளும் முன்னே போகாது. வழுக்கலில் போகிற சக்தி சும்மா சூடாகிறது. அதை நிறுத்த உள்ளே இருக்கிற சின்னக் கிளச்தான் லொக்-அப். 1949இலேயே அமெரிக்கப் பக்கார்ட் கார்களில் வந்தது. எண்ணெய் மிச்சம் பிடிக்கிற அந்தச் சாமானை, 402 மீற்றர் ஓட்டத்தின் கடைசித் துண்டில் வேகம் எடுக்க ரேஸ்காரர் பாவிக்கிறார்கள்.

பெடியள் செய்திருந்தது இவ்வளவுதான்: பற்றரி, பியூஸ், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச், அங்கிருந்து கியர் பெட்டியின் சொலினொய்ட். வேலை செய்யும். சுத்தமான வேலையும்கூட, சோல்டர் நல்லாய்ப் பிடித்திருந்தது. ஆனால் பிரேக் எங்கே?

கம்பெனி வயரிங்கில் பிரேக்கை மிதித்தவுடன் லொக்-அப் விடுபட்டுவிடும். இவர்களுடையதில் விடாது. ஒரு நாய் குறுக்கே ஓடி, முழு பிரேக் அடித்தால் சில்லு நிற்கும், சில்லோடு பூட்டிய இஞ்சினும் நிற்கும். இஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சம். இரண்டு பக்கமும் கடல் உள்ள பண்ணைப் பாலத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கோ.

ஒருத்தன் உடனே சொன்னான்: "பிரேக் லைற் வயரை ரிலேக்குக் குடுப்பம் சேர். லைற் எரிஞ்சால் ரிலே இழுக்கும், 87ஏ கால் துண்டுபடும்." கெட்டிக்காரன். கராஜ் அண்ணை தலையை நிமிர்த்தாமலே கேட்டார், "தம்பி, லைற் பியூஸ் எரிஞ்சால்?" ரிலே இழுக்காது, லொக்-அப்பும் விடாது. பெடியன் வாயடைத்துப் போனான்.

சரியான வழி, மிதிக்காதபோது மூடியிருந்து மிதித்தால் திறக்கிற தனி ஆளி ஒன்றை அதே சுற்றில் தொடராகப் போடுவது. (பாடப்புத்தகத்தில் ஆளி, கராஜில் சுவிட்ச்.) வயர் அறுந்தாலும் லொக்-அப் விடுபடுமே தவிர பூட்டாது. இன்னொன்று: கடைசிக் கியர் விழுந்த பிறகுதான் பூட்ட வேண்டும். கீழ்க் கியரில் முழு அக்சிலரேற்றரோடு பூட்டினால் அந்தச் சின்னக் கிளச் கருகும்.

வாப்பாமாருக்கு எங்கட பதில் இதுதான். இந்த வேலையை நிறுத்தச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். றோட்டில் ஓடுவது வேறு கதை, அதற்கு நாங்கள் உடன்பாடில்லை. தராவீஹ் முடிந்து பண்ணைப் பக்கம் கேட்கிற சத்தம் எங்களுக்கும் தெரியும். தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில், 2024 ஏப்ரல் 21, ஒழுங்குபடுத்தி நடத்திய ஓட்டம். அங்கேயே பார்க்க வந்தவர்கள் உட்பட 7 பேர் போனார்கள், அதில் ஒரு சின்னப் பிள்ளையும். ஓட ஆசையென்றால் கட்டுகுருந்தை இருக்கு, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கு. அவ்வளவு தூரம் போகக் காசு வேணும் என்பதும் உண்மைதான். அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுகிறதில்லை.

வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அந்த ஆளியைப் பூட்டப் போகிறோம். மல்டிமீற்றர் எங்களிடம் இருக்கு. வர விரும்புகிற வாப்பாமார் வாங்கோ, பிரேக்கை மிதிக்க ஒரு ஆள் தேவை.