கூரத்து மண்டபம்

காஞ்சிபுரத்துக்கு யாத்திரை வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏகாம்பரநாதரையும் காமாக்ஷியையும் வரதராஜரையும் தரிசித்து, ஒரு பட்டுப் புடவையும் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். நகரத்துக்கு ஏறக்குறைய ஆறு மைல் தூரத்திலுள்ள கூரத்துக்குப் போகிறவர்கள் அநேகமாக வைஷ்ணவர்களே. ஸ்ரீராமாநுஜருடைய சீடர்களில் தலைசிறந்தவரான கூரத்தாழ்வான் அவதரித்த ஊரல்லவா அது? இரவில் அன்னதானம் முடிந்து அவருடைய மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை காஞ்சியில் பேரருளாளன் செவியில் விழுந்தது என்பது கர்ணபரம்பரை. அதற்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் எழுந்த வேறோர் ஓசையைப் பற்றியே நான் இங்கு எழுதப் புகுந்தேன். அது பாரதம் படிக்கும் ஓசை.

கூரத்தில் பல்லவர் காலத்துச் சிவாலயம் ஒன்று இருக்கிறது. யானையின் பின்புறம் போல் வளைந்த கஜபிருஷ்ட அமைப்பு. மேல் விமானம் அழிந்துவிட்டது. கருங்கல்லாலான அடித்தளத்தையும் சுவரையும் பார்த்தே மற்றதை மனத்தினால் கட்டிக்கொள்ளவேண்டும். கைலாசநாதர் கோயிலின் சிற்ப வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லாதது போலத் தோன்றலாம். ஆயினும் இது அதற்கு மூத்தது. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இவையின்றிக் குன்றைக் குடைந்து கோயில் செய்தான். அவனுக்குப் பின் வந்தவர்கள் மாமல்லையில் முழுப் பாறையை ரதங்களாகச் செதுக்கினார்கள். குன்றும் பாறையும் இல்லாத வயல்வெளியில், கல்லை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கிக் கோயில் எழுப்புவது அதற்கடுத்த படி. தொண்டை நாட்டில் அந்தப் படியில் முதன்முதல் கால் வைத்த கோயில்களுள் ஒன்று இது. இதைக் காணாமல் கைலாசநாதரை மாத்திரம் கண்டவர், குழந்தையைக் காணாமல் கல்யாணத்துக்கு மட்டும் வந்த உறவினரைப் போன்றவர் என்று சொல்வேன்.

கட்டுவித்தவன் முதலாம் பரமேசுவரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கோயிலின் பெயர் வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம். வித்யாவிநீதன் என்றால் கல்வியால் பணிவடைந்தவன் என்று பொருள். உபாத்தியாயர்களாகிய எங்களுக்கு இதைவிட இனிய பட்டம் வேறில்லை. ஆனால் கூரத்தில் கிடைத்த செப்பேட்டைப் படித்தால் அரசனுடைய பணிவு சற்றுக் குறைவாகவே தென்படும்! பெருவளநல்லூர்ப் போரில் பல லக்ஷம் சேனையோடு வந்த சளுக்கிய விக்கிரமாதித்தன், கந்தை ஒன்றையே போர்த்துக்கொண்டு தன்னந்தனியே ஓடினான் என்று அது பெருமை பேசுகிறது. அரசனுடைய யானைக்கு அரிவாரணம் என்றும், குதிரைக்கு அதிசயம் என்றும் பெயராம். ஏழு ஏடுகள் கொண்ட இச்சாசனத்தை ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890-ல் அச்சிட்டு வெளியிட்டார்.

போர் வர்ணனை வடமொழியில் ஓடி ஓய்ந்தபின், தமிழில் ஊர்க் காரியம் தொடங்குகிறது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டிப் பரமேசுவர தடாகத்துக்கு நீர் கொண்டுவந்தார்கள். பரமேசுவரமங்கலம் என்ற கிராமத்தை 25 பங்காக வகுத்தார்கள். கோயில் பூஜைக்கும் புதுப்பிக்கும் வேலைக்கும் 3 பங்கு. நான்மறை வல்ல அந்தணர் இருபதின்மருக்கு 20 பங்கு. மீதி இரண்டும் கூரத்து மண்டபத்துக்கு. அம்மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க ஒரு பங்கு. அதிலே பாரதம் வாசிக்க ஒரு பங்கு.

இந்த இரண்டு பங்குகளையும் பற்றி நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. மண்டபம் கட்டுவது அரசர்களுக்குப் பெரிய காரியமன்று. கேட்க வருகிறவனுக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்தார்களே, அதுவே பெரிது. கதை சொல்பவன் கையேந்தாமல் இருக்கவேண்டுமென்று அவனுக்கும் நிலம் ஒதுக்கினார்கள். தண்ணீருக்கும் படிப்புக்கும் சரிசமமான பங்கு! என்னோடு வந்திருந்த மாணவன் ஒருவன், "ஸார், நம்ம ஊர் சினிமாக் கொட்டகைக்குக்கூட இப்படி ஒரு பங்கு இருந்தால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும்" என்றான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

காஞ்சிப் பிரதேசத்தில் பாரதம் இன்னும் ஓயவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் தெருக்கூத்து. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை இக்கலைக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு பேர் பிடிக்கும் திரை, பின்பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, முகவீணை, மத்தளம், அரங்கம் முடிந்தது. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கிராமமே அண்ணாந்து பார்க்கும். முடிவில் துரியோதனன் மண்ணுருவாய்ப் படுகளத்தில் கிடப்பான்.

சென்னைப் பட்டணத்திலோ கட்டடம் முதலில் வந்தது. விக்டோரியா பப்ளிக் ஹாலைச் சிஷோம் திட்டமிட, நம்பெருமாள் செட்டியார் 1888 முதல் 1890 வரையில் கட்டி முடித்தார். பிரமுகர்களின் நன்கொடைப் பணம். சிவந்த செங்கல், உயர்ந்த கோபுரம். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் ஆரம்பித்த சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே புகழோடு நடந்தன. ஆனால் நாளடைவில் நாடகம் போயிற்று; கதவு பூட்டிக் கிடந்தது; சிதைவும் தொடர்ந்தது. 2023-ல் மாநகராட்சி பெருந்தொகை செலவிட்டுப் புதுப்பிக்கத் தொடங்கிற்று. அந்த ஹாலுக்குத் தண்ணீர்ப் பங்கும் பாரதப் பங்கும் யாரும் எழுதிவைக்கவில்லை.

கூரத்திலிருந்து பட்டணம் சேர்ந்தவர் ஒருவர் உண்டு. எழும்பூர் மியூஸியத்துச் செப்புத் திருமேனிகளுள் கூரத்து நடராஜர் எழுந்தருளியிருக்கிறார். வழக்கம்போல் இடக்காலைக் குறுக்கே வீசாமல், முழங்காலை மேலே தூக்கி ஆடும் ஊர்த்துவஜாநு கோலம்; மிகப் பழமையான நடராஜ வடிவங்களில் ஒன்று. அதே வளாகத்தில் 1896-ல் எழுந்த மியூஸியம் தியேட்டர் இருக்கிறது. அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு மணி முன்னதாகவே புறப்பட்டால், இவரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.