தீவு கற்பித்த சேமிப்பு

தாம்பரத்தில் வாழும் யான், 2025ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலத்தின் வழியே இரயிலில் சென்று, இராமேசுவரம் தீவில் மூன்று திங்கள் தங்கினேன். மீன்வளம் பெருகுதற்பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. படகுகள் ஓய்ந்தாலும் இல்லத்து அடுப்பு ஓய்வதில்லையே! ஆதலின், மீனவ மகளிர் ஒன்பது மாதங்களில் 1,500 ரூபாயைச் சிறுகச் சிறுகச் சேமிக்கின்றனர். அரசு அதனோடு 3,000 ரூபாய் சேர்த்து, மீன்வரத்துக் குறைந்த காலத்தில் 4,500 ரூபாயாகத் தருகின்றது.

மீனவர்க்குத் தொழில் நிற்கும் நாள் முன்னரே தெரியும். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் மாத ஊதியம் பெறுவோர்க்கோ நோயும் வேலையிழப்பும் நாள் குறித்து வருவதில்லை. அவர்க்கன்றோ சேமிப்பு மிகுதியும் வேண்டும்? இப்போது, ஊதியம் பெற்ற அன்றே ஒரு பகுதியை அஞ்சலகச் சேமிப்பில் இட்ட பின்னரே செலவைத் தொடங்குகின்றேன்.