பொறுமைக்கு உரிய இடம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகக் குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பொறுமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நட்ட செடி மூன்றாம் ஆண்டில்தான் பலன் தரத் தொடங்கும். அப்பொழுதும் ஒரு சரத்திலுள்ள காய்கள் யாவும் ஒருங்கே முற்றுவதில்லை. முற்றியவற்றை மட்டும் பறித்துவிட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே செடியிடம் வரவேண்டும். இந்தப் பொறுமையை நாங்கள் நோய்க்கும் பொருத்தினோம். அங்கேதான் பிழைத்தோம்.

நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் அத்தாவின் இளைய தம்பி தமது இருபதாம் வயதில், தமக்கு மட்டுமே கேட்ட குரல்களோடு பேசத் தொடங்கினார். எவரோ தம்மைப் பின்தொடர்வதாக அஞ்சினார். "சபூர் செய்யுங்கள், சரியாகிவிடும்" என்றனர் பெரியவர்கள். தாயத்துகளும் ஓதிப் பார்த்தலும், போடிமெட்டுச் சரிவிலிருந்த தோட்டக் கொட்டகையில் ஊரறியாமல் வைத்திருத்தலுமாக ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பின்னர் மருத்துவம் கிடைத்தபோது குரல்கள் அடங்கின. ஆனால் அவருடைய பேச்சும் தொழிலும் சிரிப்பும் திரும்பவேயில்லை.

2009-இல் என் தங்கை மகனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். இரவில் உறங்காமல் சுவரோடு வாதிட்டான். சின்னத்தாவைக் கண்ணாரக் கண்டிருந்த நானே, "வெளியே தெரிந்தால் இவன் அக்காவுக்கு வரன் அமையாது, சற்றுப் பொறுப்போம்" என்றேன். தங்கை என் சொல்லைக் கேட்கவில்லை. "காக்கிற பொறுமை வேறு, கைகட்டி நிற்பது வேறு அண்ணே" என்று சொல்லி, அவ்வாரமே மகனை மதுரையிலுள்ள மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். சில வாரங்களில் குரல்கள் தணிந்தன. மறு ஆண்டு அவன் படிப்பைத் தொடர்ந்தான்.

என் பிழை அத்தோடு முடியவில்லை. இரண்டாண்டுகள் சென்றபின், "நலமாகத்தானே இருக்கிறான், மருந்து எதற்கு?" என்றவனும் நானே. மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினோம். ஐந்தாம் மாதம் நோய் மீண்டது. அவன் பழையபடி தேற ஓராண்டுக்கு மேலாயிற்று.

பின்னரே இவைபற்றித் தேடிப் படித்தேன். 1980-களின் தொடக்கத்தில் சென்னையில், மனச்சிதைவு நோய்க்கு முதன்முறையாக ஆளான 90 பேரை மருத்துவர்கள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். டாக்டர் ஆர். தாரா முதலியோரின் அந்த ஆய்வில், பத்தாண்டு முடிவில் 76 பேரின் நிலை அறியப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் நலமாயிருந்தனர். இந்நோய் வந்தால் வாழ்வே முடிந்தது என்ற எண்ணம் தவறென அது காட்டிற்று. டென்மார்க்கில் 1998-இல் தொடங்கிய ஆய்வொன்றில் 547 இளைஞர்கள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு இரண்டாண்டுகள் சிறப்புக் கவனிப்பும், குடும்பத்தாருக்குப் பயிற்சியும் அளித்தனர். அவர்கள் மற்றவரைவிட நன்கு தேறினர். ஆனால் அக்கவனிப்பு நின்றபின், ஐந்தாம் ஆண்டில் அந்த மேன்மையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் நடந்ததைப் படிப்பதுபோல் இருந்தது எனக்கு.

ஏர்வாடியை நம்மில் எவர் மறப்பார்? 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் காப்பகமொன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவிலோ, மருந்தும் துஆவும் ஒன்றாக வழங்கும் முயற்சி உருவாயிற்று. நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி நமக்குக் கற்பிப்பது. துஆ மருந்துக்கு மாற்றன்று. மருந்தும் துஆவுக்குப் பகையன்று.

இன்று தங்கை மகன் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறான். மணமாகி ஒரு பெண் குழந்தையும் உண்டு. பெண் கேட்கும்போதே அவன் நோயை மறைக்காமல் சொன்னோம். அக்காவுக்கும் வரன் தவறவில்லை. 2023-இல் போடிக்கு மீண்டும் வந்த ரயிலில், மூன்று மாதத்திற்கொருமுறை மதுரைக்குச் சென்று மருத்துவரைக் கண்டு வருகிறான். சில நாள் மனம் சோர்ந்து கடைக்கு வரமாட்டான். யாரும் கடிந்து பேசுவதில்லை.

பொறுமை வேண்டும், சகோதரர்களே. ஆனால் அதற்கு உரிய இடம் மருத்துவர் வாயிலுக்கு அப்பால்தான் இருக்கிறது, இப்பால் இல்லை. இதை அறிய என் குடும்பம் ஒரு மனிதரின் இளமையை விலையாகக் கொடுத்தது.